கடனுக்குத் தகுதி: நம் கையில் உள்ளதும் நாம் கேட்டுப் பெற வேண்டியதும்

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகளுக்கான கல்வி வகுப்பில் ஆற்றிய உரை)



சம்பளத்துக்கு அடுத்ததாக நமது லயங்களில் அதிகம் பேசப்படுவது கடன். கிழமைக் கடன் கட்டும் நாளில் எந்த வீட்டில் கதவு பூட்டியிருக்கிறது என்று தலைவிமாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதே லயத்தில்தான் நல்ல பால்மாடு வைத்திருக்கும் சகோதரியும் இருக்கிறார். லீக்ஸும் கரட்டும் போட்டு லொறிக்கு ஏற்றும் தம்பியும் இருக்கிறார். விடியற்காலையில் இடியப்பம் அவித்து டவுன் கடைகளுக்குக் கொடுக்கும் அக்காவும் இருக்கிறார். தொழில் தெரிந்தவர்கள், உழைப்புக்கு அஞ்சாதவர்கள். ஆனாலும் வங்கிக்குப் போனால் “தகுதி இல்லை” என்ற பதிலோடு திரும்புகிறார்கள். திரும்பி வரும் வழியில் கிழமைக் கடன்காரர் காத்திருக்கிறார். அவர் அதிகம் கேள்வி கேட்பதில்லை. அதற்கான விலையை வட்டியில் எடுத்துக்கொள்கிறார்.

இந்தத் “தகுதி” என்ற சொல்லைத்தான் இன்று பிரித்துப் பார்க்கப் போகிறோம். வங்கி நமது குணத்தையோ உழைப்பையோ நேரில் வந்து பார்ப்பதில்லை. அது பார்ப்பது கடதாசியை. அந்தக் கடதாசிகளில் ஒரு பகுதியை நாமே தயாரிக்கலாம். மறுபகுதியைத் தனி ஆளாகப் போய் வாங்க முடியாது, சங்கமாக நின்றுதான் பெற வேண்டும். எது எந்தப் பகுதியில் சேரும் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

நம்மிடம் கடதாசி குறைவாக இருப்பதற்கு வரலாறு இருக்கிறது. 1948இல் நம்மவரின் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டது. எஞ்சியிருந்தோருக்கும் அது கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1972லும் 1975லும் காணிச் சீர்திருத்தம் வந்தபோது தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளின் கைக்கு மாறி, பின்னர் நீண்டகாலக் குத்தகையானது. இத்தனை கைமாற்றத்திலும் லயத்தில் குடியிருந்தவர் பெயருக்கு ஒரு துண்டுக் காணி எழுதப்படவில்லை. கிராமத்து விவசாயி வங்கிக்குப் போகும்போது கையில் காணி உறுதி இருக்கும். தோட்டத்து விவசாயி கையில் அது இல்லை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

எந்த வங்கியானாலும் நான்கு கேள்விகள்தான் கேட்கும். நீங்கள் யார்? காசை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்? எப்படித் திருப்பிக் கட்டுவீர்கள்? கட்ட முடியாமல் போனால் வங்கிக்கு என்ன பாதுகாப்பு?

முதல் கேள்வி, நீங்கள் யார் என்பது. தேசிய அடையாள அட்டையில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், சேமலாப நிதிக் கணக்கில் இன்னொரு பெயர். பிறந்தபோது வேறு மொழியில் எழுதப்பட்ட பெயரைப் பிறகு தமிழில் எழுதும்போது எழுத்து மாறிவிடுகிறது. சில இடங்களில் தகப்பன் பெயரே முதற்பெயராகிவிட்டது. வங்கி அலுவலருக்கு இவை மூன்றும் மூன்று ஆட்கள். கடன் தேவைப்படும் கிழமையில் இதைத் திருத்தப் போனால் முடியாது, மாதக்கணக்கில் ஆகும். ஆகவே இப்போதே மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். சிறிய வித்தியாசத்துக்குச் சமாதான நீதவான் முன் முடிக்கும் சத்தியக் கடதாசியைச் சில வங்கிக் கிளைகள் ஏற்றுக்கொள்ளும். பெரிய வித்தியாசம் என்றால் அடையாள அட்டையையே திருத்த வேண்டும். அந்த விண்ணப்பத்தைக் கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்தலாம். தோட்டத்தில் குடியிருப்பவருக்குத் தோட்ட அதிகாரியும் உறுதிப்படுத்தலாம்.

அடுத்தது விலாசம். ஒரே தோட்டப் பெயரில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இருக்கும். கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து அங்கேயே கிடக்கும். கிராம உத்தியோகத்தர் தரும் வதிவிடச் சான்றிதழில் பிரதேச செயலாளரின் மேலொப்பம் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் டிவிசன் பெயர், லய இலக்கம், அறை இலக்கம் மூன்றும் இருக்கும்படி கேளுங்கள்.

இரண்டாவது கேள்வி, காசை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்பது. “மாடு வாங்க”, “கடை போட” என்ற ஒரு வரிப் பதில் போதாது. தொழில் ஏற்கெனவே நடக்கிறது என்பதற்கு அத்தாட்சி வேண்டும். அது தொழிலுக்குத் தொழில் வேறுபடும்.

மாடு வளர்ப்பவர் அரசாங்கக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் பதிந்து, மாட்டுக்குக் காதுப்பட்டி போட்டிருக்க வேண்டும். பால் சேகரிக்கும் நிலையத்தில் தரும் பற்றுச்சீட்டுகளை வீசக்கூடாது. பன்னிரண்டு மாதச் சீட்டை ஒரு நூலில் கோத்து வைத்திருப்பவரிடம், எத்தனை லீற்றர் வருகிறது என்று வங்கி மறுபடி கேட்காது.

சாப்பாட்டுச் சாமான் செய்து விற்பவருக்கு மூன்று இடங்கள். பிரதேச செயலகத்தில் வணிகப் பெயர்ப் பதிவு, பிரதேச சபையில் வியாபார அனுமதி, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பரிசோதனை. பரிசோதகர் சமையல் செய்யும் இடம், தண்ணீர், கழிவு வெளியேறும் வழி, சமைப்பவரின் உடல்நலம் ஆகியவற்றைப் பார்ப்பார். ஒரே லயக்காம்பராவில் படுக்கையும் அடுப்பும் இருந்தால் அனுமதி கிடைப்பது கஷ்டம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு பொதுச் சமையலிடத்தைத் திருத்தி எடுத்தால் ஒரே செலவில் எல்லோருக்கும் வழி பிறக்கும். தோட்டங்களுக்குள் பிரதேச சபை வேலை செய்வதற்குத் தடையாக இருந்த 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. “தோட்டத்துக்குள் நாங்கள் வரமாட்டோம்” என்று இனி எந்த அதிகாரியும் சொல்ல முடியாது.

மரக்கறி செய்பவருக்கு முதலில் கேட்கப்படுவது நிலம். எத்தனை பேர்ச், யாருடைய காணி, யார் அனுமதித்தார்? இதற்குப் பிறகு வருகிறேன்.

மூன்றாவது கேள்வி, எப்படித் திருப்பிக் கட்டுவீர்கள் என்பது. இதற்கு நிரந்தரத் தொழிலாளியிடம் ஒரு நல்ல கடதாசி உண்டு, அது சம்பளத் துண்டு. மாதம் முடிந்ததும் அதைக் கசக்கி எறியும் பழக்கத்தை விட வேண்டும். கடைசி ஆறு மாதத் துண்டுகளை எப்போதும் கையில் வைத்திருங்கள். கைகாசுக்கு வேலை செய்பவருக்கு அந்தத் துண்டே கிடையாது, சேமலாப நிதியும் கிடையாது. ஆகவே கைகாசு முறை சம்பளத்தை மட்டும் குறைக்கவில்லை, வங்கிக் கதவையும் சேர்த்து மூடுகிறது.

சேமலாப நிதியைப் பற்றி ஒரு விளக்கம். அதில் நமது பங்கு 8 வீதம், தொழில் கொள்வோரின் பங்கு 12 வீதம். அந்த மீதியை ஈடாக வைத்துக் கடன் பெறலாம் என்பது உண்மை, ஆனால் வீடமைப்புக்கு மட்டும்தான். மாடு வாங்கவோ கடை போடவோ அதை ஈடு வைக்க முடியாது. “சேமலாப நிதியைக் காட்டித் தொழில் கடன் எடுத்துத் தருகிறேன்” என்று யாராவது கொமிசன் கேட்டு வந்தால் நம்ப வேண்டாம்.

சம்பளத் துண்டுக்கு அடுத்தது கணக்குக் கொப்பி. ஒரு நாளைக்கு ஒரு வரி போதும். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, வீட்டுக்கு எடுத்தது எவ்வளவு. விற்ற காசில் ஒரு பகுதியை மாதம் தவறாமல் வங்கிப் புத்தகத்தில் போடுங்கள். தொகை சிறிதாக இருக்கலாம், இடைவெளி இருக்கக்கூடாது. ஒரே நாளில் ஐம்பதாயிரம் போட்டுக் காட்டுவதைவிட ஆறு மாதம் தொடர்ந்து இரண்டாயிரம் போட்டது கடன் அலுவலரை அதிகம் திருப்திப்படுத்தும்.

கணக்கைச் சரியாகச் சொல்வதும் முக்கியம். ஒரு மாடு நாளுக்கு 8 லீற்றர் கறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கன்றுக்கும் வீட்டுக்கும் 2 லீற்றர் போனால் விற்பதற்கு 6 லீற்றர், மாதம் 180 லீற்றர். ஆனால் மாடு வருடம் முழுவதும் கறக்காது. சுமார் 10 மாதம் கறந்து 2 மாதம் வற்றும். பத்து மாதப் பால் 1,800 லீற்றரைப் பன்னிரண்டால் பிரித்தால் மாதம் 150 லீற்றர்தான். 180 என்று எழுதிக் கடன் எடுத்தவர் வற்றிய மாதத்தில் தவணைக்குத் தடுமாறுவார். 150 என்று எழுதி, அதிலிருந்து தீனிச் செலவையும் மருந்துச் செலவையும் கழித்து, மிச்சத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போகாதபடி கடன் கேட்டவர் தப்பிப்பார்.

இந்த மூன்றாவது கேள்வியில் இன்னொரு விடயமும் மறைந்திருக்கிறது, பழைய கடன். 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த கடன் தகவல் பணியகம், கிரிப் என்று சொல்வோமே, அதில் வங்கிகளிலும் பதிவு பெற்ற நிதிக் கம்பனிகளிலும் எடுத்த கடன்களின் விபரம் சேர்கிறது. பணியகம் யாருக்கும் கடனை மறுப்பதில்லை. தவணை எப்போது கட்டப்பட்டது, எப்போது தவறியது என்பதைக் காட்டுகிறது, முடிவெடுப்பது வங்கி. நமது அறிக்கையைக் கேட்டுப் பெறும் உரிமை நமக்கு உண்டு. கட்டி முடித்த கடன் இன்னும் நிலுவை என்று காட்டினால், கடன் கொடுத்த நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுத் திருத்த வேண்டும். அதற்குத்தான் ஒவ்வொரு கடனும் முடிந்த அன்றே “கடன் தீர்ந்தது” என்ற கடிதத்தை வாங்கி வைக்கச் சொல்கிறோம். பிணை நிற்பவர்களும் கவனியுங்கள். மச்சானுக்காகப் போட்ட கையொப்பம் உங்கள் பெயரிலும் பதிவாகும். அவர் கட்டாவிட்டால் நாளை உங்கள் விண்ணப்பம்தான் நிற்கும்.

நான்காவது கேள்வி பாதுகாப்பு. இங்கேதான் காணி உறுதி வருகிறது. அது இல்லாதபோது என்ன வழி?

சிறு கடன்களுக்கு நிலையான வருமானம் உள்ள இரண்டு பிணையாளர்களை ஏற்கும் கிளைகள் இருக்கின்றன. சேமிப்பை ஈடாக வைக்கலாம். கால்நடைக்கும் பயிருக்கும் கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபையில் காப்புறுதி எடுத்தால், மாடு செத்தாலும் பயிர் அழிந்தாலும் கடன் முழுவதும் தலையில் விழாது. குழுவாகச் சேமித்துக் குழுவாகப் பிணை நிற்பது இன்னொரு வழி. சமுர்த்தி வங்கிகளும் சணச சங்கங்களும் அப்படித்தான் வளர்ந்தன. இந்நாட்டின் முதல் சிக்கன கடனுதவிச் சங்கம் 1906இல் கண்டி மாவட்டத்துத் தெல்தெனியவில் தொடங்கியது என்பது தோட்டத்துக்குப் பக்கத்தில் வாழும் நாம் நினைவில் வைக்க வேண்டிய செய்தி. வசதியற்றவர்கள் சேர்ந்து தமக்கே வங்கியான கதை அது.

எங்கே போய்க் கேட்பது என்றும் கேட்பீர்கள். இலங்கை வங்கி, மக்கள் வங்கியோடு பிரதேச அபிவிருத்தி வங்கியும் இருக்கிறது. கந்துரட்ட, ஊவா உட்பட ஆறு பிராந்திய வங்கிகள் 2010இல் ஒன்றாகி உருவானது அது. விவசாயத்துக்கும் சிறு தொழிலுக்கும் கடன் கொடுப்பதே அதன் வேலை. வட்டி குறைந்த அரசாங்கக் கடன் திட்டங்களும் பெரும்பாலும் இவ்வாறான வங்கிகள் ஊடாகவே வருகின்றன. திட்டங்களின் பெயரும் வட்டியும் வருடத்துக்கு வருடம் மாறும். ஆகவே “இந்தத் திட்டம் இருக்கிறதா” என்று கேட்காமல், “பால்மாட்டுக்கு, மரக்கறிக்கு, சிறு உணவுத் தொழிலுக்கு இப்போது என்னென்ன சலுகைக் கடன் இருக்கிறது” என்று கேளுங்கள். படிவத்தைத் தமிழில் கேளுங்கள். தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. புரியாத தாளிலும் வெற்றுத் தாளிலும் கையொப்பம் வேண்டாம்.

தகுதி கிடைத்துவிட்டது என்பதற்காக எந்தக் கடனையும் எடுத்துவிடக்கூடாது. இரண்டு விடயங்களைப் பாருங்கள்.

ஒன்று, வட்டி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பது. ஒரு இலட்சம் ரூபா, 24 மாதம், வட்டி 14 வீதம் என்று இரண்டு இடத்தில் சொல்கிறார்கள் என்று வைப்போம். முதலாம் இடத்தில் குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி. மாதத் தவணை ஏறத்தாழ 4,800 ரூபா, மொத்த வட்டி ஏறத்தாழ 15,200. இரண்டாம் இடத்தில் முழுத்தொகைக்கும் இரண்டு வருட வட்டி. அது 28,000 ரூபா, தவணை 5,333. வாயால் சொன்னது இரண்டுக்கும் 14 வீதம்தான். ஆனால் இரண்டாவதன் உண்மையான வட்டி ஏறத்தாழ 25 வீதம். வித்தியாசம் 12,800 ரூபா. 2024இல் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தில் பார்த்தால், ஒன்பது நாளுக்கு மேல் கொழுந்து பறித்த காசு. ஆகவே வீதத்தை மட்டும் கேட்காதீர்கள். “மாதம் எவ்வளவு, எத்தனை மாதம், எல்லாமாக எவ்வளவு கட்டுவேன்” என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

இரண்டாவது, காசு வரும் காலமும் தவணைக் காலமும் பொருந்துகின்றனவா என்பது. கரட் பிடுங்க மூன்று மாதத்துக்கு மேலாகும், லீக்ஸுக்கு இன்னும் கூட. அதுவரை தோட்டத்திலிருந்து ஒரு சதம் வராது. கிழமைத் தவணைக் கடனில் மரக்கறி போட்டவர், பயிர் முளைக்க முன்பே கட்டத் தொடங்க வேண்டும். முதல் கடனைக் கட்ட இரண்டாம் கடன், இரண்டாவதைக் கட்ட மூன்றாவது. நமது சகோதரிகள் பலர் விழுந்த குழி இதுதான். மரக்கறிக்கு அறுவடைக்குப் பின் கட்டும் கடன், பாலுக்கு மாதத் தவணை, நாளாந்தம் காசு புரளும் இடியப்பத்துக்குக் கிழமைத் தவணை என்று கேட்க வேண்டும். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டபோது ஒரே பயிரில் முழுக் கடனையும் போட்டவர்கள் பட்டபாட்டை நுவரெலியாவில் கேட்டால் சொல்வார்கள். கடனில் ஒரு பகுதியையாவது வேறு வருமானத்தோடு இணைத்து வையுங்கள்.

இதுவரை சொன்னவை நமது கையில் உள்ளவை. இனி சங்கம் கேட்டுப் பெற வேண்டியவை.

முதலாவது நிலம். வீட்டுக்காக 7 பேர்ச் என்ற வாக்குறுதி வந்தது. ஒரு ஏக்கர் 160 பேர்ச். அப்படியானால் 7 பேர்ச் ஏக்கரில் இருபத்து மூன்றில் ஒரு பங்கு. அதில் 550 சதுர அடி வீடு கட்டினால் மிஞ்சுவது 5 பேர்ச். பாதைக்கும் கக்கூசுக்கும் போக, ஒரு மாட்டுக் கொட்டில் போடலாம், கரட் போட்டுப் பிழைக்க முடியாது. அந்த 7 பேர்ச்சுக்கும் முறையான உறுதி கிடைக்காத குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. உறுதி உள்ள வீட்டைச் சிறு கடனுக்காக ஈடு வைப்பதையும் நாம் ஊக்குவிக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்து கிடைத்த வீடு மரக்கறி விலை விழுந்த ஒரு போகத்தில் போய்விடக்கூடாது.

ஆகவே நமது கோரிக்கை இரண்டு. வீட்டுக்குத் தெளிவான உறுதி. பயிர் செய்யும் நிலத்துக்கு எழுத்திலான அனுமதி. இன்று பலர் லயத்துக்குப் பின்னால் துரையின் வாய்ச்சொல்லில் பயிர் செய்கிறார்கள். துரை மாறினால் சொல்லும் மாறும். ஐந்து வருடக் கடனுக்கு ஒரு வருட அனுமதிக் கடிதத்தைக் காட்டினால் வங்கி ஏற்காது. அளவு, எல்லை, காலம் மூன்றும் எழுதிய, கடன் காலத்தைவிடக் குறையாத உடன்படிக்கை வேண்டும். தேயிலைக் காணியைப் பிரித்துக் கொடுத்துக் கொழுந்து வாங்கும் முறை வரும் தோட்டங்களிலும் இதே நிபந்தனையை மேசையில் வைக்க வேண்டும். அப்படிப்பட்ட கடதாசி கையில் இருந்தால்தான் கமநல சேவை நிலையத்துக்குப் போய் “நானும் விவசாயி” என்று துணிந்து கேட்கலாம்.

இரண்டாவது, கைகாசுக்கு வேலை செய்பவர் உட்பட எல்லோருக்கும் சம்பளத் துண்டு. மூன்றாவது, கடிதங்கள் வீட்டுக்கு வந்து சேரும் விலாசம். இவை கடனுக்காக மட்டும் கேட்பவை அல்ல. ஆனால் இவை இல்லாமல் கடனும் இல்லை.

ஏற்கெனவே கிழமைக் கடனில் சிக்கியவர்களை மறந்துவிட்டுப் போக முடியாது. முதலில் எத்தனை கடன், யாரிடம், எவ்வளவு மீதி என்று ஒரு தாளில் எழுதுங்கள். வட்டி கூடியதை முதலில் முடியுங்கள். புதிய கடன் எடுத்துப் பழையதைக் கட்டாதீர்கள். தவணையை நீட்டித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். வீட்டு வாசலில் அவமானப்படுத்தினால் தனியாக நிற்காமல் தலைவியை அழையுங்கள். பதிவு பெற்ற நிறுவனம் என்றால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு முறையிடலாம்.

தலைவர்களுக்கும் தலைவிகளுக்கும் இறுதியாக ஒரு வேலை. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் டிவிசனிலிருந்து ஒரு பட்டியல் கொண்டுவாருங்கள். மாடு வைத்திருப்பவர் எத்தனை பேர், மரக்கறி செய்பவர் எத்தனை பேர், எத்தனை பேர்ச்சில், யாருடைய அனுமதியில், உணவு செய்து விற்பவர் யார், அடையாள அட்டையில் பெயர்ப் பிழை உள்ளவர் யார். ஆளுக்கொரு பைலும் ஒரு கணக்குக் கொப்பியும் வாங்கச் சொல்லுங்கள். பெயர்ப் பிழைகளைச் சேர்த்துப் பிரதேச செயலகத்தில் ஒரே நாளில் நடமாடும் சேவை கேட்போம். நில விபரத்தைச் சேர்த்துக் கம்பனியோடு பேசுவோம். ஒருவர் தனியாக வங்கிக்குப் போனால் “தகுதி இல்லை” என்று ஒரு வார்த்தையில் அனுப்பிவிடலாம். கடதாசி சரியாக உள்ள இருபது பேர், அந்த இருபது பேருக்காகப் பேசும் சங்கம் என்று போனால் முகாமையாளர் கதிரை போட்டுப் பேச வேண்டி வரும்.